பிந்தித் தொழுத அஸர்

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டில் ஊதுபத்தி கொளுத்தி, குர்ஆனில் யாஸீன் அத்தியாயம் ஓதுவோம். ஓதி முடித்த பிறகு, குடும்பத்தில் மௌத்தாகிப் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி துஆ கேட்பார் என் சின்னத்தா. அவர் என் அத்தாவின், என்னைப் பெற்றவரின், தம்பி. பாட்டனார் பெயர் வரும், பாட்டியார் பெயர் வரும், பால்குடியில் போன என் அக்காவின் பெயர் வரும். அதற்குப் பிறகு சின்னத்தா சற்று நிறுத்துவார். நடைக்கதவை ஒட்டி முக்காட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்ப்பார். அம்மா, வேண்டாம் என்று தலையை அசைப்பாள். சின்னத்தா ஆமீன் சொல்லி முடித்துவிடுவார்.

அந்த இடத்தில் வரவேண்டிய பெயர் என் அத்தாவுடையது. யுத்த காலத்தில் பாலக்காட்டிலிருந்து துணி மூட்டையோடு கொச்சிக்கு வியாபாரத்துக்குப் போனவர், மட்டாஞ்சேரி கடைத்தெருவில் பாதிச் சரக்கைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயோ நடந்தார். திரும்பி வரவில்லை. பெயரைச் சேர்த்தால், இருக்கிற மனுஷனை நாமே கபரில் இறக்கியதாகும். சேர்க்காமல் விட்டு, அவர் ஒருவேளை மௌத்தாகியிருந்தால், பிள்ளை இருந்தும் ஒரு துஆ கிடைக்காமல் மண்ணில் கிடப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் அம்மா இருந்தாள். கழுத்தில் கருகமணி கிடந்தது. வர்ணச் சேலைதான் உடுத்தினாள். ஆனாலும் கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்ட வாழுகிற பெண்களைக் கூப்பிடும்போது அம்மாவை யாரும் கூப்பிடமாட்டார்கள். மௌத்து வீட்டில் வெள்ளை உடுத்த விதவைகளோடும் அவளை உட்காரச் சொல்லமாட்டார்கள். அவள் அடுப்படியில் போய் நின்று வெங்காயம் உரிப்பாள்.

சொந்தக்காரர்கள் வேறு ஒன்றும் சொன்னார்கள். "கொச்சின்னா சும்மாவா? அங்க ஒரு வீடு போட்டிருப்பாரு. இங்க அவள் பாய் விரிச்சு வச்சுக் காத்துக் கெடக்கா." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அம்மாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

நான் அதிகம் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கவும் குர்ஆன் ஓதவும் தெரிந்ததும் சின்னத்தா என்னைத் தறிக்காரர்களிடம் அனுப்பினார். எங்கள் ஊர் மதராஸை விட்டுக் கேரளத்தோடு சேர்ந்த சமயத்தில் நானே தனியாகக் கொச்சிக்குச் சரக்கு கொண்டுபோகத் தொடங்கியிருந்தேன். எனக்குக் கல்யாணமாகியிருந்தது. விடியற்காலம் ரயில், எர்ணாகுளத்தில் இறங்கினால் காயலைக் கடக்கப் போட்டு, அக்கரையில் மட்டாஞ்சேரி. துண்டும் கைலியும் படுக்கை விரிப்பும் கடைகளில் இறக்கிவிட்டு, ஒரு கடையின் மச்சில் படுத்து, மறுநாள் சாயங்காலம் ஊருக்குத் திரும்புவேன். நடுவில் கிடைக்கிற பொழுதெல்லாம் அத்தாவைத் தேடுவதுதான் எனக்கு வேலை.

முதல் தடவை புறப்பட்டபோது அம்மா வாசல் வரை வந்து சொன்னாள்: "பேரைக் கேக்காதே. வேற ஊருல வேற பேரு சொல்லியிருக்கலாம். மூக்கைக் கேளு."

அத்தாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லையாம். இதுவாவது நிலைக்கட்டும் என்று அவரைப் பெற்றவள் நேர்ந்துகொண்டு மூக்குக் குத்திவிட்டாள். பெரியவரான பிறகும் இடது மூக்கில் அந்தத் துளை தூர்ந்துபோகவில்லை.

நான் கடைத்தெருவில் எல்லோரிடமும் கேட்டேன். மூக்கில் துளை உள்ள ஒரு ராவுத்தர், துணி வியாபாரி, பார்த்ததுண்டா? மூட்டை சுமக்கிறவர்கள் சிரித்தார்கள். "மூக்குத்தி போட்டா நடந்நிருந்நது?" என்று ஒருவன் கேட்டான். பழைய கடைக்காரர்களுக்கு அத்தாவின் ஞாபகம் இருந்தது. அவர் போன திசை மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஆரம்பத்தில் நடந்தேதான் தேடினேன். வியாபாரத்துக்கு வருகிறவர்கள் பெரிய தெருவையும் போட்டுத்துறையையும் தவிர மட்டாஞ்சேரியில் வேறெதையும் பார்ப்பதில்லை. சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு ஆள் மட்டும் போகிற சந்துகள் காயலைப் பார்த்துப் போகும். சுக்கு புடைக்கிற பெண்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தூசியில் கண் எரியும், வாய் திறந்து கேட்க முடியாது. சுவர்கள் உப்பு அரித்து, கை வைத்தால் உதிரும். யூதத் தெருவில் அப்போது மாதத்துக்கு மாதம் பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டிருந்தன. குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிப் போனார்கள். அந்தப் பூட்டுகளைப் பார்க்கும்போது, மனுஷன் எங்கே போகிறான் என்று சொல்லிவிட்டுப் போவதே ஒரு பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொள்வேன்.

உள்ளதைச் சொல்கிறேன். நான் தேடியது கபரை மட்டும் இல்லை. ஒவ்வொரு சந்திலும் திறந்து கிடக்கிற கதவுகளுக்குள் பார்த்துக்கொண்டு போனேன். என் முகத்தை ஒத்த முகம் ஏதாவது ஒரு கதவில் எட்டிப் பார்த்துவிடுமோ என்று நடையைச் சுருக்குவேன். பார்க்கவேண்டும் என்றும் இருந்தது, பார்க்கக்கூடாது என்றும் இருந்தது.

ஒரு தடவை பிராட்வேயில் துணிக்கடைக்காரர் ஒருவர் சொன்னார், இடப்பள்ளியில் ஒரு தமிழன் பெண் கட்டிக்கொண்டு இருக்கிறான், பாயும் துணியும் விற்கிறவன், வயது நீ சொல்கிற வயதுதான் என்று. அன்றைக்குத்தான் முதல்முதலாக வாடகை சைக்கிள் எடுத்தேன். அப்போது இடப்பள்ளி தென்னந்தோப்பும் வயலுமாகக் கிடந்தது. விசாரித்து விசாரித்து ஓலை வீடு ஒன்றின் முன்னால் நின்றேன். ஒரு பெண் வந்து, "ஆரா?" என்றாள். அவளுக்குப் பின்னால் அந்த மனுஷர் வந்தார். அவருடைய மூக்கைத்தான் முதலில் பார்த்தேன். துளை இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் மனசு தாளாமலோ என்னவோ தமாஷாகப் பேசினார். "ஏற்கனவே ஆறு பேரு என்னை அப்பான்னு கூப்பிடுறானுங்க. நீயும் வேணா கூப்பிட்டுக்க தம்பி. ஒரு கப்பைக் கிழங்குத் துண்டு சேத்துப் போட்டா முடிஞ்சுது." அந்தப் பெண் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டே வெகுதூரம் நடந்தேன்.

அதற்குப் பிறகு மட்டாஞ்சேரியில் ஒரு சைக்கிள் கடை எனக்குப் பழக்கமாகிவிட்டது. திருநெல்வேலிக்காரர் வைத்திருந்தார். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

"வாரும் ராவுத்தரே. இன்னிக்கு எந்த மூலை?"

"தோப்பும்படிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி."

"ஊருல ஒவ்வொருத்தன் சீனவலையப் பாக்க வாரான், கோட்டையப் பாக்க வாரான். நீரு ஒருத்தருதான்வே சேறும் சகதியும் பாக்கச் சைக்கிள் எடுக்கீரு. மட்கார்டைக் கழுவித் தாரும், அது போதும்."

அவருக்கு நான் எதைத் தேடுகிறேன் என்று தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசுவார். நல்ல டயர் உள்ள வண்டியாகப் பார்த்துக் கொடுப்பார்.

அந்த வண்டிகளில் நான் போன இடங்களுக்கு இன்றைக்கும் சரியான பெயர் தெரியாது. தேங்காய் மட்டை ஊறப்போட்ட குட்டைகள், அந்த நாற்றத்திலேயே குடியிருக்கிற ஜனங்கள். உடைந்த வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் குடித்தனம் நடத்திய ஒரு கிழவன். தண்ணீர் ஏறி வயலும் குளமும் ஒன்றாகிப் போன வழிகளில் வரப்பு எது என்று தெரியாமல் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். எங்கே போனாலும் ஒரே கேள்விதான். எங்கே போனாலும் ஒரே தலையசைப்பு.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. தொழுகை முறையில் எங்கள் ராவுத்தர் குடும்பங்கள் ஹனபி மத்ஹப் என்கிற பிரிவு. கொச்சியில் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி. அல்லாஹ் ஒருவன்தான், தொழத் திரும்பும் கிப்லாவும் ஒன்றுதான். ஆனால் அஸர் என்கிற சாயங்காலத் தொழுகையின் வக்து, அதற்கான நேரம், மாறும். நிழல் நன்றாக நீண்ட பிறகுதான் எங்களுக்கு அஸர். அவர்கள் அதற்கு வெகுமுன்பே தொழுது முடித்து வேலைக்குப் போய்விடுவார்கள். மட்டாஞ்சேரியில் எங்கள் மத்ஹபுக்காரர்களின் பள்ளிவாசல் இருந்தது. எங்கே சுற்றினாலும் அஸருக்கு ஜமாஅத்தோடு கூட்டாகத் தொழ அங்கே வந்து நின்றுவிடவேண்டும் என்று நான் வைத்திருந்தேன். ஆகவே வெயில் சாய்கிறது என்று தெரிந்தால் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். பள்ளுருத்திக்குத் தெற்கே நான் போனதே இல்லை.

கபர்களை விசாரித்ததும் அப்படித்தான். அத்தா காணாமல் போன உடனே சின்னத்தா வந்து தேடினார். நானும் தேடினேன். நம் பள்ளிகளின் கபரஸ்தானில் மட்டும்தான் கேட்டோம். ஒரு ராவுத்தர் மௌத்தானால் நம் பள்ளிக்குத்தான் கொண்டுவருவார்கள் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஷாபிகளின் பள்ளிகளில் தண்ணீர் குடித்திருக்கிறேன், நடுப்பகல் லுஹர் தொழுதிருக்கிறேன். ஒரு நாளும் அங்கே உள்ள கபர்களைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. சின்னத்தாவுக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை.

என் மூத்த மகள் நடக்கத் தொடங்கியிருந்த வருஷம். மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், அன்றைக்கு வடமேற்குக் காற்று முதுகில் இருந்ததால் நினைத்ததைவிடத் தூரம் போய்விட்டேன். திரும்பலாம் என்று பார்க்கும்போது பின் டயர் பஞ்சர். விசாரித்தால் அது இடக்கொச்சி என்றார்கள். பக்கத்தில் பஞ்சர் ஒட்ட ஆள் இல்லை. உருட்டிக்கொண்டு போகிறபோது காயல் ஓரத்தில், ஓடு போட்ட சின்னப் பள்ளிவாசல் ஒன்று தெரிந்தது. மட்டாஞ்சேரி ஜமாஅத்து இனிக் கிடைக்காது. இங்கேயே தொழலாம் என்று சைக்கிளைத் தென்னையில் சாய்த்தேன்.

உள்ளே யாரும் இல்லை. அவர்கள் தொழுது போய்விட்டிருந்தார்கள். எனக்கு இன்னும் நேரம் வரவில்லை. தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் ஓரத்தில் உட்கார்ந்து, முற்றத்தில் விழுந்த தென்னையின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முகமும் கை காலும் கழுவி ஒளுச் செய்து தொழுதேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், வாசற்படியில் ஒரு வயசாளி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியின் முக்ரி, பாங்கு சொல்கிறவர். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு.

"ராவுத்தரோ?" என்றார்.

"ஆமா முக்ரிக்கா. பாலக்காடு."

"நிழல் பாத்து இரிந்நப்பவே நினைச்சேன். இவிடே ஜமாஅத்து கழிஞ்ஞு ஆளுங்க வலை வீசப் போயாச்சு. நிங்ஙள் ராவுத்தமார்க்கு அல்லாஹ் வேற சூரியன் கொடுத்திட்டுண்டோ?" பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினார். வள்ளத்தில் தூத்துக்குடி வரை போய் வந்தவராம்.

நானும் சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முற்றத்தைப் பார்த்தார். "இதே போல ஒரு ராவுத்தர் அவிடே இரிந்நு நிழல் பாத்தது எனக்கு ஓர்மை உண்டு. வாங்க ஒண்ணிச்சு தொழலாம்னு விளிச்சேன். இல்ல, நேரம் ஆகட்டும்னார். மேலெல்லாம் தீ போல ஜுரம். துணி மூட்டையில சாஞ்சு இரிந்நார்."

எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி, அப்போது வாயில் வரவில்லை. "ஆளு எப்படி இருப்பாரு?" என்று மட்டும் கேட்டேன்.

முக்ரி தன் இடது மூக்கில் விரலை வைத்தார். "இவிடே ஒரு துள. பெண்ணுங்ஙளைப் போல."

"அவரு எங்க அத்தா," என்றேன். அவர் என் கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தார். பிறகு சொன்னதெல்லாம் இதுதான். அத்தா நேரம் வந்ததும் உட்கார்ந்தபடியே தொழுதார். ஸலாம் கொடுத்துவிட்டு அங்கேயே சாய்ந்துவிட்டார். விடிந்தபோது உடம்பெல்லாம் வசூரி என்கிற பெரியம்மை முத்துப் போட்டிருந்தது. ஜனங்கள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். முக்ரிக்குச் சிறு வயதிலேயே வசூரி வந்துபோனதால் அவர் மட்டும் பயமில்லாமல் பக்கத்தில் இருந்து கஞ்சித் தண்ணீர் கொடுத்தார். பெயரும் ஊரும் கேட்கவேண்டும் என்று தோன்றியபோது தொண்டையெல்லாம் முத்து, பேச்சு இல்லை. சில நாளில் மௌத்தானார். மூட்டையையும் உடுத்ததையும் எரித்தார்கள். அந்தக் காலத்தில் வசூரி வந்த வீட்டை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், பள்ளியும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டது.

"வர்ற ராவுத்தமார் ஆராவது கேப்பார்னு நினைச்சேன்," என்றார். "ஒருத்தரும் வந்நில்ல."

கபரஸ்தானின் மற்ற கபர்களை விட்டுத் தள்ளி, காயலை ஒட்டின மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலைமாட்டில் ஒரு வெட்டுக்கல் சாய்ந்து நின்றது. கால்மாட்டுக் கல் தண்ணீருக்குள் இருந்தது. காயல் கரையை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. நடுவில் ஒரு மைலாஞ்சி, மருதாணிச் செடி, முக்ரியின் மனைவி நட்டது, யாரும் இலை பறிக்காமல் காடாக வளர்ந்திருந்தது. அந்த மண்ணில் கை வைத்தேன். ஈரமாக இருந்தது.

ஷாபிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. அடக்கம் செய்த பிறகு கபரின் பக்கத்தில் உட்கார்ந்து, மௌத்தானவரை அவருடைய தாயின் பெயரைச் சொல்லி, இன்னாளின் மகனே என்று கூப்பிட்டு, கபரில் கேள்வி கேட்கும் மலக்குகள் என்கிற வானவர்களுக்குச் சொல்லவேண்டிய பதிலை நினைவுபடுத்துவார்கள். எங்களில் அது இல்லை. முக்ரி சொன்னார், "உம்மாடெ பேரு அறியாத்ததுகொண்டு, ஹவ்வாவின் மகனேன்னு விளிச்சேன். எல்லாருக்கும் உம்மா அவங்கதானே." சற்றுப் பொறுத்துக் கேட்டார்: "இவரு உம்மாடெ பேரு எந்தா?"

நான் பிறக்கும் முன்பே போய்விட்ட என் பாட்டியார். ஆனால் அந்தப் பெயர் எனக்குத் தெரியும். வாராவாரம் சின்னத்தா வாயிலிருந்து கேட்ட பெயர். சொன்னேன். அவர் கபரின் தலைமாட்டில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, அந்தப் பெயரின் மகனே என்று கூப்பிட்டார். இத்தனை வருஷம் கழித்து அப்படிச் செய்வது சரியா என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை. கையை ஏந்திக்கொண்டு நின்றேன். காயலில் ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது.

சைக்கிளை மட்டாஞ்சேரி வரைக்கும் உருட்டியே கொண்டுபோனேன். அண்ணாச்சி டயரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இனிமே வண்டி வேண்டாமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மட்கார்டுச் சேற்றை அன்றைக்கு அவரே கழுவினார்.

ஊரில் நான் இறங்கி வரும்போதெல்லாம் அம்மா வாசலில் நிற்பாள். கையில் இருக்கிற பையை வாங்குவதுபோல வந்து முகத்தைப் பார்ப்பாள். அன்றைக்கு ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மூக்கு?" என்றாள்.

"ஆமாம்மா."

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். நான் எல்லாம் சொன்னேன். வசூரியைச் சொன்னபோதும், மூட்டையை எரித்ததைச் சொன்னபோதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நேரம் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தாரா? ஜுரத்தோட?"

"நிழலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாராம்."

"அப்ப அவருதான்," என்றாள்.

சின்னத்தா சுவரில் சாய்ந்து அழுதார். "எல்லாப் பள்ளியும் பாத்தேன் மதினி, எல்லாப் பள்ளியும் பாத்தேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் நம் பள்ளிகள். அதை அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் பள்ளி இமாமான ஹஜ்ரத்திடம் போய், அம்மா இத்தா இருக்கவேண்டுமா என்று கேட்டேன். புருஷன் மௌத்தான பெண் வெளியே வராமல், அலங்காரம் இல்லாமல், நாலு மாசம் பத்து நாள் இருக்கிற இருப்பு அது. ஹஜ்ரத் சட்டக் கிதாபைப் பார்க்காமலே சொன்னார். மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு. செய்தி பிந்தி வந்தால் அதற்குப் புருஷன் வீட்டாரும் பொறுப்பில்லை, பெண்ணும் பொறுப்பில்லை. உங்கள் அம்மாவின் இத்தா எப்போதோ முடிந்துவிட்டது. இனி ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் வந்து சொன்னேன். "அப்ப நான் இத்தா இருந்து முடிச்சிட்டேனா? எனக்கே தெரியாம?" என்றாள். பிறகு, "வர்ணச் சேலை உடுத்திக்கிட்டு, கல்யாண வீட்டுக்குப் போயிக்கிட்டு," என்றாள். மார்க்கச் சட்டமான ஷரீஅத்து சொன்னதுக்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கருகமணியைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்து, உன் மகளுக்கு வை என்றாள். கொடியில் கிடந்த சேலைகளை மடித்தாள். எங்களுக்குச் சோறு போட்டாள். அவளுக்கென்று அழுவதற்கு ஒரு நாள்கூட யாரும் ஒதுக்கித்தரவில்லை.

வியாழக்கிழமை வந்தது. சின்னத்தா ஓதினார். பாட்டனார் பெயர் வந்தது, பாட்டியார் பெயர் வந்தது, அக்காவின் பெயர் வந்தது. சின்னத்தா நிறுத்தினார். வெள்ளை முக்காட்டுக்குள் இருந்து அம்மா நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் பெயரை அவள் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை.

"சேத்துக்கங்க," என்றாள்.

சின்னத்தா அத்தாவின் பெயரைச் சொன்னார். அவர் குரல் உடைந்தது. நாங்கள் ஆமீன் சொன்னோம். அம்மாவும் சொன்னாள்.

அதற்குப் பிறகும் நான் பல வருஷம் கொச்சிக்குப் போய்வந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை இடக்கொச்சிக்கு நடந்தே போய், பாத்திஹா ஓதிவிட்டு வருவேன். மற்ற நாளெல்லாம் கடைத்தெரு, போட்டுத்துறை, ரயில். சந்துகளுக்குள் நான் போகவில்லை. திறந்த கதவுகளுக்குள் பார்க்கவும் இல்லை. ஊரில் இறங்கித் தெருமுனை திரும்பும்போது வீட்டைப் பார்ப்பேன். வாசல் காலியாக இருக்கும். அம்மா உள்ளே ஏதாவது வேலையாக இருப்பாள். வந்துட்டியா என்று அங்கிருந்தே கேட்பாள். பையை வாங்க அவள் வாசலுக்கு வருவதில்லை.